தானா நழுவி வரும்

வரமாட்டேங்குது. இந்தா, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வருது, அதுக்கு மேல உள்ளேயிருந்து யாரோ பிடிச்சு வச்சுக்கிட்ட மாதிரி நின்னுபோவுது. குற்றாலிங்கம் ரேடியோப் பெட்டியைப் பழைய சமுக்காளத்து மேல நிக்கவச்சு, முழங்கால் ரெண்டாலயும் நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கமாக் கையை விட்டு அந்தத் தகரச் சட்டத்தை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் அசையுது. ஒரு பக்கம் செத்துக் கெடக்கு. அப்படி நெனச்சதுமே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, கட்டில்ல தலையணையை அண்டக்கொடுத்து உக்காந்திருந்த பொஞ்சாதியைத் திரும்பிப் பார்த்தார். மனசுக்குள்ள சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காதுதான். ஆனாலும் ஆவுடையம்மாளுக்கு இப்போ என்ன கேக்குது, என்ன கேக்கலைன்னு யாரு கண்டா? தை மாசம் வலது கையும் காலும் விழுந்ததிலேருந்து பார்வை மட்டும்தான் அவளுக்கு முன்னைவிடக் கூராயிருக்கு, அது இவர் முதுகுலயே நிக்குது. மணி ரெண்டரை. அஞ்சு மணிக்கு மகன் மகாராசன் மதுரையிலேருந்து காரோட வந்துருவான். அதுக்குள்ள இந்த எளவெடுத்த சேசிஸ் வெளிய வந்தாகணும். சேசிஸ்! அது பஸ்ஸுக்கு மட்டும்தான் உண்டுன்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தார். ரேடியோவுக்கும் உண்டுன்னு இன்னைக்குக் காலையில மேலப்பாளையம் கபூர் போன்ல சொல்லித்தான் தெரியும். இந்த ரேடியோவுக்கு ஆதியிலேருந்து கபூர்தான் வைத்தியம். ஆனா அவருக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சு மூணு நாள்தான் ஆகுது, பச்சைத் துணியைக் கட்டிக்கிட்டு வீட்டோட படுத்துக் கெடக்கார். "லைட்டு எரியுது, பாட்டு மட்டும் வரலைன்னா ஸ்பீக்கர் வயருதான் விட்டிருக்கும் அண்ணாச்சி. முன்னால உள்ள நாலு குமிழையும் புடுங்குங்க, அடியில நாலு போல்ட்டு, அதைக் கழட்டுங்க. சேசிஸ் தானா நழுவி வரும். விட்டுப்போன வயரு உங்க கண்ணுக்கே தெரியும், முறுக்கி விட்டாப் பாடிரும்." தானா நழுவி வரும். காலையிலேருந்து இந்த மூணு வார்த்தையும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே கெடக்கு.

பாடணும், அவ்வளவுதான். ஒரே ஒரு பாட்டு. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஆவுடைக்குப் பேச்சுப் பழக்க வார பெனிட்டாங்கிற பொண்ணுதான் இந்த ஆசையைக் கெளப்பி விட்டது. "தாத்தா, பேச்சு போனவங்க சில பேரு பாட்டுன்னா கூடவே பாடுவாங்க. பேச்சு ஒரு வழி, பாட்டு வேற வழி. பாட்டிக்குப் பழகின பாட்டாப் போட்டுப் பாருங்க." போட்டார். செல்போன்ல போட்டார், ஆவுடை மொகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. இடது கையைத் தூக்கி, அலமாரி மேல ஆறு மாசமா ஊமையாக் கெடந்த இந்த ரேடியோவைக் காட்டினா. ஐப்பசி மழையிலதான் அது நின்னுபோச்சு. அப்போ அவளுக்குக் கை காலு எல்லாம் நல்லாத்தான் இருந்தது, வாயும் இருந்தது, அந்த வாயால எத்தனை தடவை சொன்னா, "ஏங்க, கபூர் பாயைக் கூட்டிட்டு வாங்களேன்." பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம். பெரிய கலெக்டர் உத்தியோகம் பாத்துக் கிழிச்சாரு, ரிட்டயர் ஆகிப் பதினாலு வருசமாச்சு, மேலப்பாளையம் போய்ட்டு வர அரை மணி நேரம் இல்லை. அன்னைக்குக் கபூருக்குக் கண்ணும் இருந்தது. இப்போ மகாராசன் வாரான். போன வாரம் போன்ல அவன் கத்தலை, அதுதான் பயமாயிருந்தது, தன்மையாப் பேசினான். "யப்பா, எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஹோம் இருக்கு. பொம்பளைங்க மட்டும். நர்ஸ் இருக்கு, டாக்டர் வாராரு. நீங்க எங்களோட வந்து இருங்க, ஞாயித்துக்கிழமை போய் அம்மாவைப் பாத்துக்கிடலாம்." இவர், நான் பாத்துக்கிடுதேம்ல, எனக்கு என்ன கேடுன்னார். அதுக்கு அவன் கேட்டான், "அம்மா சொல்லுததுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்களுக்குப் புரியுதாப்பா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. புரியுதுன்னா நான் வந்த காரைத் திருப்பி விட்டுருதேன்." நெஞ்சைத் தொட்டுத்தான் பார்த்தார். போனைக் காதுல வச்சபடியே தொட்டுப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரலை.

இதைவிடக் கேவலம் ஒரு கண்டக்டருக்கு உண்டா? திருநெல்வேலி - பாபநாசம் தடத்துல முப்பத்திரண்டு வருசம். சந்தை நாளு, கால் வைக்க இடமில்லாத கூட்டத்துல, பின்னால வாயில வெத்திலையோட எவளோ ஒருத்தி "...டை"ன்னு முனகுவா, பத்தமடைன்னு இவர் டிக்கெட்டைக் கிழிச்சுருவார். "...குறிச்சி"ன்னா கல்லிடைக்குறிச்சி. ஒருத்தன் குடிச்சுட்டு ஏறி ஒண்ணும் சொல்லாம அழுதுகிட்டே நின்னான், அவன் சட்டையில சாம்பல் இருந்ததைப் பாத்து, காரியத்துக்கு வந்தவன், அன்னைக்குச் சாவு வீரவநல்லூர்லதான்னு கண்டுபிடிச்சு எறக்கி விட்டவரு. டிரைவர்மாரு சொல்லுவாங்க, அண்ணாச்சிகிட்ட ஊமைகூட டிக்கெட் கேக்கலாம்னு. அந்த அண்ணாச்சியோட லச்சணம் இது. அவ தண்ணி கேக்க "தேதி"ங்கா. சரி, தேதின்னா தண்ணின்னு காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் எழுதி வச்சார். மறுநாள் தேதின்னா, தண்ணி கொண்டு போனார், தட்டி விட்டா, அன்னைக்குத் தேதின்னா தலையணை. அதையும் எழுதினார். மூணாம் நாள் தேதின்னா இவரேதான் தேதி, பக்கத்துல வந்து உக்காரச் சொல்லியிருக்கா, அதைக் கண்டுபிடிக்கதுக்குள்ள சாயங்காலம் ஆயிட்டு. அப்புறம் எழுதுறதை விட்டுட்டார். வார்த்தை மாறி வருது தாத்தா, உள்ள எல்லாம் தெளிவாத்தான் இருக்குன்னு பெனிட்டா சொன்னா. அது சின்னப்பொண்ணு, ஆறுதலுக்குச் சொல்லும். இப்போ ஒரு வாரமா சாயங்காலமானா ஒரே பல்லவி, "எறங்கணும், எறங்கணும்." இவரும் மூச்சு வாங்க அவளைத் தூக்கிக் கட்டில்ல இருந்து எறக்கி நாற்காலியில வைப்பார். அழுவா. கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போவார். அழுவா. திரும்பக் கட்டில்ல ஏத்துவார், அதுக்கும் அழுவா. ஆண்டவனே, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அழுகையை மட்டும் எதுக்குய்யா மிச்சம் வச்சே? சரி, அழுகை இருக்கட்டும், சிரிச்சாரே, அதை எங்க கொண்டுபோய் வைக்க? தை மாசம் அவ விழுந்த அன்னைக்குக் காலையில அடுப்படியில நின்னுகிட்டு கேஸைக் காட்டி, "ஏங்க, இந்த டேசனை அமத்துங்க"ன்னா. இவர் சிரிச்சார். "ஏட்டி, கேஸ் அடுப்பு ரேடியோ டேசனாயிட்டா? வயசாயிட்டுட்டி ஒனக்கு"ன்னு தோசையைப் பிட்டுக்கிட்டே சிரிச்சார். அவளும் சிரிச்சா, வாய் ஒரு பக்கம் போச்சு. அதையும் பழிப்புக் காட்டுதான்னுதான் நெனச்சார். ரெண்டு தோசை தின்னு முடிக்கிற நேரம். ஆஸ்பத்திரியில டாக்டர், எத்தனை மணிக்கு மொதல்ல பேச்சு குழறிச்சுன்னு கேட்டதுக்கு, அந்த ரெண்டு தோசை நேரத்தை முழுங்கிட்டுத்தான் பதில் சொன்னார்.

"சந்தனம்." கட்டில்லேருந்து குரல். குற்றாலிங்கம் திரும்பினார். "என்னட்டி?" "சந்தனம்." உதடு கோணி, ஆனா சுத்தமா, கடையில கேக்க மாதிரி சொன்னா. சரிம்மா, சந்தனம். நாளைக்கு வேற பேரு, இன்னைக்குச் சந்தனம். சொம்பை நீட்டினார், இல்லைன்னு தலையாட்டினா. மின்விசிறியைக் கூட்டினார். விசிறி கூடினதுல ரேடியோவுக்குள்ளேருந்து தூசி கெளம்பி மூக்குல ஏறித் தும்மல் ரெண்டு போட்டார். ஒருவேளை சந்தனமேதான் கேக்காளோ? மகன் வாரான், நெத்தி வெறுமையா இருக்குன்னு நெனக்காளோ? பூஜை அலமாரியில இருந்த சந்தன வில்லையை உள்ளங்கையில குழைச்சுக் கொண்டு வந்து, அவ நெத்தியில வட்டமா வச்சு, நடுவுல குங்குமமும் வச்சார். "இப்போ திருப்தியா? மகாராணி மாதிரி இருக்கே." ஆவுடை கண்ணை மூடிக்கிட்டா. மூடின கண்ணுலேருந்து தண்ணி காதுப் பக்கமா ஓடிச்சு. சரிதான், இதுவும் இல்லை. பழையபடி சமுக்காளத்துல வந்து உக்காந்தார். நேரம் போவுது. குமிழ் நாலுல மூணு கையோட வந்துட்டு, நாலாவதுக்கு அவ பாவாடை நாடாவைச் சுத்தி இழுத்தார், அதுவும் வந்துட்டு. அதுல ஒரு பெருமைகூட வந்தது. பெட்டியைச் சுத்தமாத் துடைச்சார், முன்பக்கம் கீழ் மூலையில வருசாவருசம் ஆயுத பூஜைக்கு அவ வைக்கிற சந்தனமும் குங்குமமும் ஒண்ணுமேல ஒண்ணா உறைஞ்சு புளியங்கொட்டை கனத்துக்குப் புடைச்சுக்கிட்டு இருக்கும், அதுல மட்டும் அழுக்குத் துணி படாம சுத்திச் சுத்தித் துடைச்சு, வேலை ஆரம்பிக்குமுன்னே அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அதுக்கு என்ன குறை வச்சார்? வேலையில இருந்த காலம் பூரா ஆயுத பூஜை அன்னைக்கு இவர் வீட்டுல இருந்ததே இல்லை. டெப்போவுல பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்னு கட்டி, கண்ணாடிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி, பொரிகடலைப் பொட்டலத்தோட ராத்திரி வீடு வந்து சேருவார். வீட்டுப் பூஜையெல்லாம் அவபாடு. அருவாமணைக்கும், தையல் மிசினுக்கும், ரேடியோவுக்கும்.

பெட்டிக்குள்ள பல்லி முட்டை ஓடு ரெண்டு கெடந்தது. கையை விடவே கூசுது. பிளக்கைப் புடுங்கி மூணு மணி நேரமாச்சு, ஆனாலும் பழைய ரேடியோவுக்குள்ள கரண்டு தங்கிக் கெடக்கும்னு டெப்போவுல எலக்ட்ரீசியன் ஒருத்தன் எப்பவோ சொன்னது இப்பப் பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வரணும்? அடிச்சுப் போட்டுட்டுன்னா? நாம பாட்டுக்கு இங்கன மல்லாந்து கெடப்போம், அவ கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பா. யாரைக் கூப்பிடுவா, என்னன்னு கூப்பிடுவா? தேதி, தேதின்னு கத்துவா. தெருவுல போறவன், கெழவிக்கு இன்னைக்குத் தேதி தெரியலை போலன்னு போயிருவான். இதை நெனச்சதும் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் கையை வெளிய எடுத்து வேட்டியில துடைச்சுக்கிட்டார். திரும்பவும் கபூருக்குப் போன் போட்டார். "பாய், வரமாட்டேங்குது." "நாலு போல்ட்டையும் எடுத்தாச்சா அண்ணாச்சி?" "மூணுதான்யா இருக்கு. நாலாவது ஓட்டை வெறும் ஓட்டையா இருக்கு." "மூணா? அப்போ ஒண்ணு விழுந்திருக்கும். எத்தனை வருசத்து ரேடியோ. விடுங்க. துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், லேசா ஒரு நெம்பு நெம்புங்க, தானா நழுவி வரும்." வரும், வரும். எல்லாம் தானா வரும். டாக்டரும் அப்படித்தான் சொன்னார், பேச்சு தானா வரும், அவசரப்படாதீங்கன்னு. பெரிய திருப்புளியை எடுத்து, மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல குடுத்து, நெம்பினார். "சந்தனம்"னா ஆவுடை. "வச்சாச்சுட்டி." இன்னும் கொஞ்சம் அழுத்தி நெம்பினார். அசையுது, இந்தா அசையுது. "சந்தனம், சந்தனம், சந்... சந்தனம்!" குரல் ஏறிக்கிட்டே போவுது, இடது கையால கட்டில் சட்டத்தை அடிக்கா. சுவர்க் கடிகாரம் மூணே முக்கால். இவருக்கு வேர்வை கண்ணுல எறங்குது, உடம்பு பூராவையும் திருப்புளி மேல சாச்சு ஒரு அமுக்கு. டப்புன்னு ஒரு சத்தம். சேசிஸ் இல்லை, கண்ணாடி. முன்னால ஊர் பேரெல்லாம் எழுதியிருக்குமே, முள்ளு ஓடுற கண்ணாடி, அது மூலையிலேருந்து குறுக்கே கீறிச் சில்லுசில்லா உதிர்ந்து, ஒரு சில்லு இவர் பெருவிரலைக் கிழிச்சுட்டு விழுந்தது. "வாயை மூடுட்டி! சும்மா கெட! சந்தனமாம் சந்தனம்!"

அந்தச் சத்தம் தன்னோடதான்னு குற்றாலிங்கத்துக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. ஆவுடை வாயை மூடிட்டா. ஐயோ, மூடுன்னா மூடிருவாளா? மூணு மாசமா ஒரு வார்த்தை, ஒரு வார்த்தைன்னு கோயில் கோயிலா நேந்துக்கிட்டு, வந்த வார்த்தையை அடைச்சுட்டோமே. இனிமே பேசவேமாட்டாளோ? விரலை வாயில வச்சுக்கிட்டார், ரத்தமும் தூசியும் துரு மாதிரி நாக்குல பட்டது. மன்னிச்சுக்கோன்னு கேக்கணும், ஆனா முப்பத்திரண்டு வருசம் விசிலும் அதட்டலுமா இருந்த வாய்க்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. நிமிந்து பாக்கத் தைரியமில்லாம கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார். ஒரு சில்லுல திருச்சி, ஒண்ணுல கொழும்பு. பொறுக்கி முடிச்சுட்டு வேற வழியில்லாம நிமிந்தார். ஆவுடை இவரையேதான் பாத்துக்கிட்டிருந்தா. கோவமே இல்லை அந்தப் பார்வையில, மந்தமான பிள்ளைக்கு அஞ்சாவது தடவையாக் கணக்கு சொல்லிக்கொடுக்க டீச்சர் பார்வை. இடது கைக் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய் எச்சில் தொட்டா. இவர் வச்ச சந்தனத்து மேல அந்த விரலை வச்சு அழுத்தித் தேச்சா. சந்தனம், குங்குமம் எல்லாம் கலைஞ்சு நெத்தி பூரா ஈசிக்கிட்டுது. நிறுத்தலை. நெத்தி நடுவுல ஒரே இடத்துல நகத்தை வச்சுச் சுரண்டிட்டு, அதே விரலை ரேடியோவைப் பாத்து நீட்டினா. பெட்டியோட கீழ் மூலை. திரும்பவும் நெத்தியைச் சுரண்டினா. திரும்பவும் கீழ் மூலை. "சந்தனம்"னா, இந்தத் தடவை மெதுவா, அவருக்கு மட்டும் கேக்க மாதிரி.

அப்பவும் அவருக்குக் கை வரலை. சாமிக்கு வச்சதுல்லா. முப்பத்தஞ்சு வருசப் பூஜை. ஆனா அவ சொல்லுதா, வச்சவளே சொல்லுதா. ஈரத்துணியை வச்சு ஊற விட்டு, காய்கறிக் கத்தியோட முனையால ஓரத்தைக் கீறினார். ஒரு பொருக்கு பேர்ந்து வந்தது, மஞ்சளு, அதுக்கடியில சிவப்பு, அதுக்கடியில மஞ்சளு, திரும்பச் சிவப்பு. ஒவ்வொண்ணும் ஒரு வருசம். டெப்போவுல பஸ்ஸுக்கு மாலை போட்ட ஒவ்வொரு வருசமும் இங்க ஒரு பொருக்கா இருந்திருக்கு. அடியில மரம் வரலை, இரும்பு வந்தது. வட்டமா, நடுவுல கோடு போட்டு, ஒரு ஸ்குரூவோட தலை. மரத்துக்கு முடுக்குற நீளமான ஸ்குரூ, முன்பக்கத்துலேருந்து நேரா சேசிஸுக்குள்ள முடுக்கின ஸ்குரூ. கோட்டுக்குள்ள இருந்த சந்தனத்தை ஊசியால நோண்டி எடுத்து, திருப்புளியை வச்சு, மூச்சைப் பிடிச்சுத் திருகினார். கிறீச்சுன்னு ஒரு சத்தம், அப்புறம் லேசா, அப்புறம் ரொம்ப லேசா, விரலாலயே திருகலாம் போலச் சுத்தி வந்து கையில விழுந்தது. பின்பக்கமாப் போய்ச் சேசிஸைத் தொட்டார். இழுக்கக்கூட இல்லை. தானா நழுவி வந்தது.

இப்போ ஞாபகம் வருது. இப்போ வந்து என்ன பண்ண? மகாராசன் ஒண்ணாங்கிளாஸ் படிச்ச வருசம், ஆயுத பூஜை ராத்திரி, பொரிகடலைப் பொட்டலத்தை நடுவுல வச்சுக்கிட்டு ஆவுடை பேசிக்கிட்டே இருந்தா. கபூர் பாய் வந்தாரு, போல்ட்டு மரை தேஞ்சுபோச்சுன்னுட்டு முன்பக்கமா ஒரு ஸ்குரூவை முடுக்கிட்டுப் போயிட்டாரு, மொகத்துல மரு மாதிரி அசிங்கமா இருந்தது, நான் சந்தனம் வச்சு மறைச்சுட்டேன், இப்போ பொட்டு மாதிரி அழகா இருக்கு, பாருங்களேன்னா. இவர் பார்த்தாரா? ம்னார். அசதி, காலு வலி, ம். அதுக்கப்புறம் சேசிஸை வெளிய எடுக்க வேலையே வரலை, முடுக்கின கபூரே மறந்துட்டார். கேட்ட இவரும் மறந்துட்டார். பாதி உடம்பு விழுந்து, தண்ணிக்குப் பேரு மறந்துபோன ஆவுடைதான் மறக்கலை. இன்னைக்கு ரெண்டரை மணியிலேருந்து அவ புத்தியாத்தான் பேசிக்கிட்டிருந்திருக்கா, சரியான வார்த்தையைச் சரியான இடத்தைப் பாத்துச் சொல்லியிருக்கா, இவர்தான் அதை அவ நெத்தியில கொண்டுபோய் அப்பியிருக்கார். அப்போ மத்ததெல்லாம்? இந்த மூணு மாசமா அவ சொல்லி, இவர் சொம்பையும் தலையணையையும் எடுத்துக்கிட்டு ஓடினாரே, அதெல்லாம் என்ன சொன்னா? சேசிஸ் சமுக்காளத்துல மல்லாந்து கெடந்தது. விட்டுப்போன வயரு கண்ணுக்கே தெரியும்னாரே கபூர். அடியில நூறு வயரு, சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமா, எல்லாமே விட்டுப்போனது மாதிரியும் இருக்கு, எல்லாமே சரியா இருக்கது மாதிரியும் இருக்கு. எதைத் தொட, எதை முறுக்க? பாடப் போறதில்லை. அது மட்டும் தெளிவாத் தெரிஞ்சது. ஸ்குரூவை உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டு, கட்டில் ஓரத்துல போய் உக்காந்தார், ஆவுடை அவர் விரல் ரத்தத்தைத் தன் முந்தானையால துடைச்சு விட்டா.

கார்ச் சத்தம் கேட்டப்ப மணி நாலரைகூட ஆகலை. நேரத்தோட வந்துட்டான். அதான் கவர்மெண்டுல நாலு வழிச் சாலை போட்டு வச்சிருக்காங்களே. மகாராசன் டிரைவரைக் கார்லயே இருக்கச் சொல்லிட்டு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, வாசல்லயே நின்னான். தரை பூரா போல்ட்டும் குமிழும் பாவாடை நாடாவும், அம்மா நெத்தியெல்லாம் சந்தனம் ஈசி, அப்பா கையில ரத்தம். "யப்பா, என்னப்பா இது?" "எலே, அம்மா பேசினா"ன்னார் குற்றாலிங்கம், எந்திரிச்சே நின்னுட்டார். "நெசமாவா? என்ன சொன்னா?" "சந்தனம்னா." மகாராசன் மொகத்துல வந்த வெளிச்சம் அப்படியே எறங்கிச்சு. இவருக்கு நாக்கு படபடத்தது. "இல்லடா, நீ கேளு. அந்த மரு... போல்ட்டு, மூணுதான், கபூரு... ஆயுத பூஜைக்குப் பொரிகடலை... அவ சொன்னா, நான்தான் நெத்தியில..." எல்லாம் உள்ள தெளிவா இருக்கு, வரிசையா இருக்கு, வாய்க்கு வாரப்ப ஒண்ணுமேல ஒண்ணு ஏறி விழுது. கையைத் தெறந்து ஸ்குரூவைக் காட்டினார். மகாராசன் அந்த ஸ்குரூவையும் அவர் மொகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை இவருக்குத் தெரியும். இவரே மூணு மாசமா ஆவுடையைப் பாத்த பார்வை அது. "சரிப்பா, சரி. நீங்க உக்காருங்க. ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க"ன்னு தோளைத் தொட்டான். கல்லு மாதிரி ஒரு அன்பு. அவன்கிட்ட என்ன சொல்லி என்ன?

"எறங்கணும்"னா ஆவுடை. "பாத்ரூமாம்மா? இரு, நான் பிடிச்சுக்கிடுதேன்"னு மகாராசன் குனிஞ்சு அவ கக்கத்துல கையைக் குடுத்தான். "எறங்கணும்." குற்றாலிங்கத்துக்கு என்ன தோணிச்சோ, மகன் கையைப் பிடிச்சு நிறுத்தினார். "எலே, இரு." ஊர் பேர் தெரியாத சனம், கிழடு கட்டை, குடிகாரன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எத்தனை லட்சம் பேரு எறங்கணும்னு சொல்லியிருப்பாங்க, எல்லார்கிட்டயும் பதிலுக்குக் கேக்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அதை இவகிட்டக் கேக்கத் தோணலையே, தூக்கித் தூக்கிப் போட்டோமே. அவ முன்னால குனிஞ்சு, கூட்டத்துல கேக்க மாதிரி சத்தமா இல்லாம கேட்டார். "எங்க எறங்கணும், ஆவுடை?" அவ கண்ணு அவர் மேல நின்னுது. உதடு தெறந்து மூடிச்சு. வரலை. கழுத்து நரம்பு புடைச்சது, இடது கை போர்வையைப் பெசஞ்சுது, வரலை. பஸ்ஸுல இந்நேரம் விசில் குடுத்திருப்பார், சீக்கிரம் சொல்லும்மா, பின்னால வண்டி நிக்குன்னு கத்தியிருப்பார். இப்போ நின்னார். எவ்வளவு நேரமானாலும் நிக்கலாம்னு நின்னார். "இங்..." னா. பெசஞ்சுக்கிட்டிருந்த கையை விரிச்சு, தான் உக்காந்திருக்க மெத்தையை ரெண்டு தடவை தட்டினா. "இங்ஙன."

"என்னப்பா சொல்லுதா?"ன்னான் மகாராசன்.

"அவ ஸ்டாப்பு இதுதானாம்ல"ன்னார் குற்றாலிங்கம்.

வாசல்ல கார்க்காரன் ஒரு தடவை ஹாரன் அடிச்சான்.